ஓலை காட்டிய ஈசனும் ருசுவாகாத குற்றமும்

1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், தன் மூன்றாவது பிரிவிலேயே, வழக்கில் எழும் எந்தச் சங்கதியும் நியாயஸ்தலத்தின் முன் மூன்று நிலைகளுள் ஒன்றில்தான் நிற்கும் என்று வகுத்துவிடுகிறது: அது ருசுவாகியிருக்கலாம், இல்லையென்று ருசுவாகியிருக்கலாம், இவ்விரண்டில் எதுவுமின்றி, ருசுவாகாமலே இருந்துவிடலாம். முதல் இரண்டும் எவருக்கும் விளங்குபவை. மூன்றாவதற்குச் சட்டம் ஏன் தனியே ஓர் இடம் ஒதுக்கிற்று என்பதைச் சற்று நின்று யோசித்தால், சமய தத்துவங்கள் காலங்காலமாகச் சுற்றிவரும் ஒரு கேள்வியின் வாசலுக்கே வந்துவிடுகிறோம். இராத்திரி ஒருவன் கத்தியால் குத்தப்பட்டான் என்றால், எதிரிக் கூண்டில் நிற்பவன் ஒன்று குத்தியிருக்க வேண்டும், அல்லது குத்தாதிருக்க வேண்டும். நடந்த காரியத்துக்கு மூன்றாவது நிலை கிடையாது. மூன்றாவது நிலை அறிகிறவனுடையது. நடந்தது இன்னதென்று நான் அறியேன் என்று, அரசாங்கத்தின் முத்திரையோடு உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்வதற்கு அந்தப் பிரிவு வழி செய்து கொடுத்திருக்கிறது.

வைசிராயின் சபையில் சட்ட அங்கத்தினராயிருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த அந்தச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்நாட்டு நியாயஸ்தலங்களில் ஆட்சி செய்து, 2024 ஜூலை 1 அன்று பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் புதிய சட்டத்துக்கு இடம் விட்டது. பிரிவுகளின் எண்கள் மாறின. மின்னணுப் பதிவுகளைப் பற்றிய விதிகள் பெருகின. மேற்சொன்ன மூவகைப் பாகுபாடு மட்டும் புதிய சட்டத்திலும் நிலைத்திருக்கிறது. வக்கீல்களின் நாவில் பழைய எண்களே இன்னும் பழகியிருப்பதால் நானும் அவற்றையே கையாளுகிறேன்.

எல்லாவற்றையும் அறியாத ஒருவன் மற்றொருவனைத் தண்டிக்கும் யோக்கியதையை எங்கிருந்து பெறுகிறான் என்பதே நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்வி. சமயங்கள் காட்டும் நியாய சபைகளில் இக்கேள்விக்கு இடமே இல்லை. யமதர்மனின் சபையில் சித்திரகுப்தனுடைய ஏடு இருக்கிறது. அங்கே எந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணைக்கு உட்படுவதில்லை. கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் நம்பிக் காத்திருக்கும் இறுதித் தீர்ப்பு நாளில் நியாயம் வழங்குபவன், இருதயத்தின் அந்தரங்கங்களை முன்னமே அறிந்தவன். பூமியிலுள்ள நியாயாதிபதி, அங்கி, ஆசனம், எழுந்து நிற்கும் சபை ஆகிய வெளி லட்சணங்களையெல்லாம் அந்தத் தெய்வ சபைகளிலிருந்து பெற்றவர்போலக் காணப்பட்டாலும், அங்கே தீர்ப்புக்கு அடிப்படையாயிருக்கும் சர்வஞ்ஞத்துவம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தக் குறையை மனிதகுலம் நெடுங்காலம் தெய்வத்தைக் கொண்டே நிரப்பப் பார்த்தது. ஆவணம், அனுபோகம், சாட்சிகள் என மூன்று பிரமாணங்களைச் சொல்லும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, இவற்றுள் எதுவும் கிடைக்காதபோது திவ்யங்களுள் ஒன்றை நாடலாம் என்கிறது. தராசு, அக்கினி, ஜலம், விஷம், தெய்வத்துக்கு அபிஷேகம் செய்த தீர்த்தத்தைப் பருகும் கோசம் ஆகிய சோதனைகளில், மனிதனால் அறியமுடியாததைத் தெய்வம் அறிவித்துவிடும் என்பது நம்பிக்கை. ஐரோப்பாவிலும் காய்ச்சிய இரும்பை ஏந்துவதும் குளிர்ந்த நீரில் மூழ்குவதும் அவ்வாறே நடந்தன. அவற்றைப் பாதிரிமார்கள் ஆசீர்வதித்துத் தொடங்கி வைத்தார்கள். 1215-இல் ரோமாபுரியில் கூடிய நான்காவது லாத்தரன் சங்கம், குருமார்கள் இத்தகைய சோதனைகளில் பங்குகொள்ளலாகாது என்று விலக்கிற்று. ஆசீர்வதிக்கப் பாதிரியார் இல்லாதபின் சோதனைக்கு உயிர் ஏது? இங்கிலாந்து ஜூரிகளின் பக்கம் திரும்பியது. ஐரோப்பியக் கண்டத்து நியாயஸ்தலங்களோ, மரண தண்டனைக்குரிய குற்றங்களில் கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லையேல் எதிரியின் சொந்த ஒப்புதல் வேண்டும் என்று, மிக உயர்ந்த நிச்சயத்தைக் கோரின.

அந்தக் கோரிக்கையின் விளைவு என்னவென்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மறைவில் செய்யப்படும் குற்றத்துக்கு இரண்டு கண்கண்ட சாட்சிகள் எப்படி அகப்படுவார்கள்? ஆகவே ஒப்புதல் இன்றியமையாததாயிற்று. ஒப்புதல் இன்றியமையாததானபோது, அதை வரவழைப்பதற்கென்று சித்திரவதை சட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு விசாரணை முறையாக உள்ளே நுழைந்தது. கொடிய மனம் படைத்தவர்கள் கூடி அதை ஏற்படுத்தவில்லை. நிச்சயமாகத் தெரிந்தாலன்றி ஒருவனையும் கொல்லமாட்டோம் என்ற உயர்ந்த விரதத்தை எடுத்துக்கொண்ட பண்டிதர்களே ஏற்படுத்தினார்கள். தெய்வத்துக்கே உரிய நிச்சயத்தை மனிதன் தனக்குக் கேட்டபோது, அதைப் பிறன் சரீரத்திலிருந்து பிழிந்தெடுக்க நேர்ந்தது. 25-ஆம் பிரிவில், போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாக ருசுப்படுத்தக் கூடாது என்று இந்தியச் சட்டம் ஒரே வரியில் அடைத்துவிட்டதன் பின்னால், இந்த நாட்டுப் போலீஸ் நிலையங்களின் அனுபவத்தோடு அந்தப் பழைய ஐரோப்பிய அனுபவமும் சேர்ந்தே நிற்கிறது. ஒப்புக்கொண்டதன் விளைவாக ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அதை ஏற்கலாம் என்று 27-ஆம் பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருப்பதையும், புதருக்குள்ளிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் கத்திகள் அந்த வாசல் வழியே ஏராளமாய் வந்து சேர்வதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தெய்வத்தின்மேல் இட்ட சத்தியத்தையே முடிவான ருசுவாக ஏற்கும் பழக்கம் நம் சட்டத்திலிருந்து நீங்கி அதிக காலம் ஆகவில்லை. 1873-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டத்தின்படி, எதிர்க்கட்சிக்காரர் இன்ன முறையில் சத்தியம் செய்து சொல்வாராகில் அதற்கு நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் முன்வந்து, மற்றவரும் அதற்கு இசைந்து சத்தியம் செய்துவிட்டால், அந்த வாக்கு, கட்டுப்படுவதாக முன்வந்தவரைப் பொறுத்தவரை முடிவான ருசுவாகிவிடும். கோயிலில் கற்பூரம் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு ஒரு கிராமத்தில் என்ன மதிப்போ, அந்த மதிப்பை ஆங்கிலேய சர்க்கார் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 1969-ஆம் ஆண்டின் புதிய பிரமாணச் சட்டம் அந்தப் பிரிவுகளை விட்டுவிட்டது. பக்தியுள்ள சிலர் இதை நாஸ்திகத்தின் பெருக்கத்துக்கு அடையாளமென்று கருதக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மனிதர்களின் வரப்புச் சண்டையைத் தீர்க்க ஈசுவரனைக் கூண்டில் ஏற்றுவதைக் காட்டிலும், நமக்குக் கொடுத்திருக்கும் புத்தியைக் கொண்டு நாமே உழைத்துத் தேடுவது பக்திக்கு அதிகம் பொருந்தும். இப்படி நினைப்பதற்குச் சைவ மரபின் தலையாய நூலொன்றிலேயே பெரிய ஆதாரம் இருக்கிறது.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதி, ஓர் உரிமை வழக்கின் முழு நடவடிக்கையையும் நம் கண்முன் வைக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருந்த வேளையில், முதிய வேதியர் ஒருவர் பந்தலில் புகுந்து, இந்த மணமகன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது எங்குமில்லாத வழக்கமாயிற்றே என்று சபையார் முதலில் திகைக்கிறார்கள். பிறகு, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றைக் காட்டும்படி முதியவரைக் கேட்கிறார்கள். யாக்ஞவல்கியர் சொன்ன அதே மூன்று பிரமாணங்கள்! முதியவர், கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், இவன் மறுபடியும் பறித்துவிடாதபடி நீங்கள் பார்த்துக்கொள்வதானால் காட்டுகிறேன் என்கிறார். சபையார் அந்த உறுதியைக் கொடுத்தபின் கரணத்தான் ஓலையை வாங்கி வாசிக்கிறான். சாட்சிகளாக ஒப்பமிட்டவர்களின் எழுத்து பரிசீலிக்கப்படுகிறது. பாட்டனார் எழுதி வேறிடத்தில் காவலாக வைக்கப்பட்டிருந்த மற்றோர் ஓலையை வரவழைத்து, இரண்டு எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றாயிருக்கவே, வழக்கு முதியவர் பக்கம் தீர்ப்பாகிறது.

சாட்சியச் சட்டத்தைப் படித்தவர் எவரும் இந்தப் பகுதியைப் படித்து வியக்காமல் இருக்க முடியாது. மூலப் பத்திரத்துக்கும் நகலுக்கும் உள்ள வேற்றுமை, ருசுப்படுத்தும் பொறுப்பு கேட்பவர் மேல் இருப்பது, தஸ்தாவேஜை எதிர்க்கட்சியிடமிருந்து காப்பது, ஒப்புக்கொண்ட கையெழுத்தோடு தாவாவிலுள்ள கையெழுத்தை ஒப்பிடுவது என்று, பின்னாளில் ஸ்டீபன் பிரிவு பிரிவாக எழுதியவற்றுள் பல அந்தச் சபையில் நடந்தேறிவிடுகின்றன. ஆனால் என்னை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பது வேறு. வாதியாக வந்து நிற்பவன் பரமேசுவரன். சாட்சிகளுக்கெல்லாம் சாட்சியாக இருப்பவன், ஒரு கிராமத்துச் சபையார் கேட்ட மூன்றில் ஒன்றைக் காட்டக் கடமைப்பட்டவனாய், ஓலையைக் கையில் ஏந்திக்கொண்டு, கரணத்தான் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கிறான். நெற்றிக் கண்ணைத் திறந்து காட்டவில்லை. அசரீரியை ஒலிக்கச் செய்யவில்லை. அவன் நினைத்திருந்தால் சபையார் அனைவரும் ஒரு கணத்தில் உண்மையை உணர்ந்து காலில் விழுந்திருப்பார்கள். உயிர்களெல்லாம் தனக்கு அநாதியாகவே அடிமை என்ற மெய்ப்பொருளை நிலைநாட்ட வந்தவன்கூட, மனிதர்களின் சபையில் மனிதர்களின் பிரமாணத்துக்கு உட்பட்டே அதை நிலைநாட்ட விரும்பினான் என்று சேக்கிழார் பாடியிருப்பதில், நியாயஸ்தலத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதையை நான் காண்கிறேன். தீர்ப்பான பிறகுதான் அவன் தன் இருப்பிடத்தைக் காட்டுவதாகச் சொல்லி, அவ்வூர்க் கோயிலுக்குள் புகுந்து மறைகிறான். சேக்கிழார் சோழ அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர் என்பது மரபு. நியாய சபையின் நடைமுறையை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் அதை நேரில் கண்டவராகவே இருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான வழக்கு மதுரையில் நடந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு விரோதமாக இருந்தவை இரண்டே: ராணியின் சிலம்பைப் போன்ற ஒரு சிலம்பு அவன் கையிலிருந்தது, அரண்மனைப் பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான். களவு போன பொருளைச் சிறிது காலத்துக்குள் கைவசம் வைத்திருப்பவன், அது தனக்கு வந்த வகையைச் சொல்ல முடியாவிட்டால், திருடனென்றோ திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்கினவனென்றோ அநுமானிக்கலாம் என்று 114-ஆம் பிரிவின் முதல் உதாரணம் சொல்கிறது. அந்த அநுமானத்தின் உயிர், வகையைச் சொல்ல முடியாவிட்டால் என்ற சொற்களில் இருக்கிறது. கோவலனை எவரும் கேட்கவில்லை. அவனைப் பார்க்கச் சென்ற காவலர்களே, இவன் தோற்றத்தில் கள்வனுக்குரிய குறி ஒன்றும் இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் அப்போது செய்வதைக் கவனிக்க வேண்டும்: கோவலனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கள்வர்கள் பொதுவாக எத்தகையவர்கள், என்னென்ன மந்திரத்தையும் மருந்தையும் தந்திரத்தையும் கையாள்வார்கள் என்று ஒரு சாஸ்திரத்தையே எடுத்து விரிக்கிறான். ஒரு வகை மனிதர்களைப் பற்றிய பேச்சு இந்த மனிதனுக்கு விரோதமான சாட்சியமாக மாறுகிறது. கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பிறகு கண்ணகி வந்து உடைத்துக் காட்டிய சிலம்பினுள் மாணிக்கப் பரல் இருந்தது. ராணியின் சிலம்பினுடையதோ முத்துப் பரல். அந்தச் சோதனை, கொலை நடப்பதற்கு முன்னும் செய்யக்கூடியதாகவே இருந்தது. பாண்டியன் கொடியவனல்லன், தவறு தெரிந்த கணத்தில் உயிரையே விட்ட மானி. விசாரணை என்ற ஒன்று நடுவில் இல்லாமற் போனபோது, அவனுடைய நற்குணம் கோவலனுக்கு ஒரு விதத்திலும் பயன்படவில்லை.

அப்படியானால் எவ்வளவு தெரிந்தால் போதும்? மூன்றாவது பிரிவு இதற்குச் சொல்லும் விடை மிகவும் அடக்கமானது. விவேகமுள்ள ஒரு மனிதன், வழக்கின் சந்தர்ப்பங்களைப் பார்த்து, சங்கதி உண்மையென்று வைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கக்கூடிய அளவுக்கு அது சம்பவித்திருக்கும் என்று தோன்றினால் போதும், அது ருசுவாயிற்று. நம் தர்க்க நூல்கள் பிரத்யட்சம், அநுமானம் முதலிய அளவைகளைக் கொண்டு சம்சயத்துக்கு இடமில்லாத ஞானத்தைத் தேடின. மணிமேகலையின் சமயக்கணக்கர் பத்து வகை அளவைகளை எண்ணினார்கள். சிவஞான சித்தியார் அளவையில்தான் தொடங்குகிறது. அந்த ஞானம் மோட்சத்துக்கு வழிகாட்டுவது, ஆதலால் அவர்கள் அவ்வளவு தேடினார்கள். நியாயஸ்தலம் தேடும் ஞானம், சாயங்காலத்துக்குள் ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டியவனுடைய ஞானம்.

சிவில் வழக்குக்கும் கிரிமினல் வழக்குக்கும் உரிய வேற்றுமை இங்கேதான் பிறக்கிறது. சட்டத்தின் வாசகம் இரண்டுக்கும் ஒன்றே. விவேகமுள்ள மனிதன் எந்தக் காரியத்தில் இறங்கப் போகிறான் என்பதைப் பார்த்து, நியாயஸ்தலங்களே இரண்டு தராதரங்களைப் பிரித்தெடுத்தன. இரண்டு சகோதரர்கள் ஒரு நிலத்துக்குப் போராடினால், அந்த நிலம் எவருக்குமில்லாமல் அந்தரத்தில் தொங்க முடியாது. ஒருவருக்கு மறுத்தால் மற்றவருக்குக் கொடுத்ததாகும். தவறு நேர்ந்தாலும் இரு பக்கமும் அது ஒரே எடையுள்ள தவறுதான். ஆகவே தட்டு எந்தப் பக்கம் சிறிது தாழ்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்புச் செய்துவிடலாம். ஒருவனைத் தூக்கிலிடுவதில் தவறு நேர்ந்தால், விட்டுவிட்டதில் நேரும் தவறு அதற்கு எந்த விதத்திலும் ஈடாகாது. அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ப்சன் 1995-இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகி, 1997-இல் அதே மரணங்களுக்காக நஷ்ட ஈடு கொடுக்கவேண்டுமென்று சிவில் ஜூரிகளால் தீர்மானிக்கப்பட்டபோது, உலகம் முழுவதும் பலர் இதை நீதியின் முரண்பாடு என்று நகைத்தார்கள். ஒரே சங்கதியைப் பற்றி இரண்டு நியாயஸ்தலங்கள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது என்று, சென்னை மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1954-இலேயே நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இரு தீர்ப்புகளும் நடந்ததைப் பற்றிப் பேசுவதாக எண்ணினால் முரண்பாடு; நம் அறிவின் அளவைப் பற்றிப் பேசுகின்றன என்று கொண்டால் முரண்பாடு எங்கே?

நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்ற கிரிமினல் தராதரத்தின் பிறப்பைப் பற்றி, யேல் பல்கலைக்கழகத்துச் சட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் விட்மன் எழுதியிருப்பது சிந்தனைக்குரியது. இன்று நாம் அதை எதிரியின் பாதுகாப்புக்கென்று ஏற்பட்ட விதியாக நினைக்கிறோம். தொடக்கத்தில் அது ஜூரிகளின் ஆத்ம ரட்சிப்பைப் பற்றிய கவலையிலிருந்து வந்தது என்பது அவருடைய வாதம். நிரபராதியைக் கொலைத் தண்டனைக்கு அனுப்பிய கிறிஸ்தவ ஜூரி தானே நரகத்துக்குரியவனாவான் என்று அஞ்சினான். உன் மனச்சாட்சியில் நியாயமான சந்தேகம் எதுவும் இல்லையென்றால் தண்டிப்பதில் உனக்குப் பாவமில்லை என்று அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சரித்திரக்காரர்கள் இதை எவ்வளவு ஒப்புக்கொள்வார்களோ, அந்தப் பயம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை இழந்துவிட்ட நியாயஸ்தலம் எதுவும் மதிப்புக்குரியதென்றும் நான் எண்ணமாட்டேன். 1935-இல் இங்கிலாந்தில் உல்மிங்டன் என்ற இருபத்தொரு வயதுப் பண்ணைத் தொழிலாளி, மனைவியைச் சுட்டுக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்று, துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்ற தன் வாதத்தை நிரூபிக்கும் பாரத்தையும் தானே சுமக்கும்படி விடப்பட்டபோது, பிரபுக்கள் சபை குறுக்கிட்டு, குற்றத்தை ருசுப்படுத்தும் பாரம் முழுவதும் அரசாங்கத்தினுடையதே என்று சொல்லி அவனை விடுவித்தது.

இதைக் காட்டிலும் கடினமான ஒரு பிரச்னையை மத்திய கால ஐரோப்பிய தத்துவ ஞானிகள் எழுப்பினார்கள். நியாயாதிபதி ஒருவர், எதிரி குற்றமற்றவன் என்பதைத் தற்செயலாகத் தாமே நேரில் கண்டு அறிந்திருக்கிறார்; நியாயஸ்தலத்துக்கு வந்த சாட்சியமோ அவனைக் குற்றவாளியாகக் காட்டுகிறது; அவர் எதன்படி தீர்ப்புச் சொல்வது? தாமஸ் அக்வினாஸ், சாட்சிகளை இன்னும் கடுமையாகச் சோதித்துக் குறை காணத் தம் சொந்த அறிவை அவர் உபயோகிக்கலாம், அதற்குமேல் வழியில்லையானால் வந்த சாட்சியத்தின்படியே தீர்க்கவேண்டும் என்றார். உயிரே போகுமிடத்திலும் இதை விதியாகக் கொள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை. அத்தகைய நியாயாதிபதி ஆசனத்தைவிட்டு இறங்கிச் சாட்சிக் கூண்டில் ஏறுவதே தர்மம் என்று எனக்குப் படுகிறது. ஆயினும் அக்வினாஸ் எதற்கு அஞ்சினார் என்பது தெளிவு. சொந்த அறிவைக் கொண்டு விடுவிக்கும் அதிகாரம் பெற்றவர், சொந்த அறிவைக் கொண்டு தண்டிக்கவும் தொடங்கிவிடுவார். எவரும் சோதித்துப் பார்க்க முடியாத அறிவின்மேல் எழும் தீர்ப்பு, ஈசுவரனுக்கு மட்டுமே உரியது. நியாயாதிபதி எந்தக் கேள்வியையும் எந்த நேரத்திலும் கேட்கலாம் என்று பரந்த அதிகாரத்தை வழங்கும் 165-ஆம் பிரிவே, தீர்ப்போ சம்பந்தமுள்ள, முறையாக ருசுவான சங்கதிகளின் மேல்தான் எழவேண்டும் என்று அவர் கையைப் பிடித்து நிறுத்துவதும் இதனால்தான்.

54-ஆம் பிரிவு, எதிரியின் துர்நடத்தை, அவன் தன் நன்னடத்தையைத் தானே முன்வைத்தாலன்றி, சம்பந்தமற்றது என்று விலக்குகிறது. கர்மக் கொள்கையில் ஊறிய நம் மனத்துக்கு இது எளிதில் உவப்பதில்லை. செய்த வினைகள் எல்லாம் சேர்ந்தே ஒருவனுக்குப் பலனளிக்கின்றன என்று நம்புகிறவர்கள், இந்தத் திருட்டை இவன் செய்யாவிட்டாலும் வேறு எதையோ செய்தவன்தானே, அனுபவிக்கட்டும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வினைகளின் முழுக் கணக்கையும் பார்க்க வல்லவன் அந்தக் கணக்கைத் தீர்க்கட்டும். அதைப் பார்க்க முடியாத நாம், கேட்கப்பட்ட இந்த ஒரு செயலைப் பற்றி மட்டுமே பேசக் கடவோம். கர்மத்தில் மெய்யாகவே நம்பிக்கையுள்ளவன், கணக்கு எப்படியும் தீரும் என்று அறிந்திருப்பதால், இந்தக் கட்டுப்பாட்டை மற்றவர்களைவிட மனநிம்மதியோடு ஏற்கவேண்டியவன்.

இந்த இடத்தில், பாதிக்கப்பட்டவர்களின் குரலுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. மகனைப் பறிகொடுத்த தாயிடம், உன் மகனைக் கொன்றவன் யாரென்று எங்களுக்கு ருசுவாகவில்லை என்று சொல்லி அனுப்புவது எந்த வகையில் தர்மம்? ஒரு குற்றமற்றவன் துன்புறுவதைக் காட்டிலும் பத்துக் குற்றவாளிகள் தப்புவது மேல் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதியது வக்கீல்களின் வாயில் அலங்காரமாகிவிட்டது. அந்தப் பத்துப்பேரால் கெட்ட குடும்பங்களின் கண்ணீரை எண்ணி அதைச் சொல்பவர் சிலரே. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் வழக்கைத் தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஜூரிகளால் குற்றவாளிகளென்று தீர்மானிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். பிரிவி கவுன்சில் வழக்கை மறு பரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியபின், 1947-இல் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. பாகவதரின் பழைய கீர்த்தி மீளவில்லை. ஊராரின் கவனமெல்லாம் அந்த இரண்டு நடிகர்களின் மேல் குவிந்துவிட்டதால், கொல்லப்பட்டவனுக்கு நியாயம் கிடைத்ததா என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லாமற் போயிற்று. எத்தனை வெறுக்கத்தக்க பத்திரிகையை நடத்தியிருந்தாலும் அவனும் ஒரு மனிதன். அவன் விஷயத்தில் நியாயஸ்தலம் தோற்றது என்றே சொல்லவேண்டும். அந்தத் தோல்வியை மறைப்பதற்காக ருசுவாகாத இருவரைச் சிறையில் வைத்திருந்தால், லட்சுமிகாந்தனுக்கு என்ன நியாயம் கிடைத்திருக்கும்? தாயின் துக்கம் கேட்பது குற்றவாளியை, கிடைத்த ஒருவனையன்று. அவளுக்கு நாம் பட்டிருக்கும் கடன், புலன் விசாரணையைத் திறம்படவும் நேர்மையாகவும் செய்வது. அதைச் சரிவரச் செய்யாமல் விட்டுவிட்டு, ருசுவின் தராதரத்தைத் தளர்த்தி அந்தக் கடனை அடைக்கப் பார்ப்பது, சோம்பலுக்குத் தர்மத்தின் வேஷம் போடுவதாகும்.

ருசுவாகாதது என்ற மூன்றாவது நிலை, சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், தீர்ப்பில் அதற்கெனத் தனி இடம் இல்லை. தீர்ப்பு தண்டனை அல்லது விடுதலை என்ற இரண்டில் ஒன்றாகவே வருகிறது. ஸ்காட்லாந்தில் மட்டும் ருசுவாகவில்லை என்றே ஒரு மூன்றாவது தீர்ப்பு நெடுங்காலம் வழங்கிவந்தது. விடுதலையானவனின் நெற்றியில் அது ஒரு சந்தேகக் குறியை இட்டு அனுப்புகிறது, பாதிக்கப்பட்டவருக்கும் அதனால் ஆறுதலில்லை என்ற ஆட்சேபங்களுக்குப் பிறகு, அதை நீக்கும் சட்டத்தை அந்நாட்டுப் பார்லிமென்ட் 2025-இல் நிறைவேற்றியது. நம் நாட்டில் அத்தகைய தீர்ப்பு சட்டத்தில் இல்லை. ஆனால் நடைமுறையில் இருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்வதாக நியாயாதிபதிகள் எழுதும் சொற்கள், விடுதலையானவனோடு அவன் வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமெல்லாம் போகின்றன. தமிழ்நாட்டுக் காவல்துறை ஊழியர் ஒருவரைப் பற்றி 2012-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த வழக்கில், கௌரவமான விடுதலை என்ற சொற்றொடர் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் எங்குமில்லை என்று ஒப்புக்கொண்டே, அத்தகைய விடுதலை பெறாதவர் வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமையைத் தானாகவே அடைந்துவிடமாட்டார் என்று சொல்லப்பட்டது. இலாகா விசாரணைக்குக் கிரிமினல் வழக்கைவிட இலகுவான ருசு போதும் என்பதை நான் மறுக்கவில்லை; துப்பாக்கி ஏந்தும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் எச்சரிக்கையாய் இருக்கவேண்டியதும் நியாயமே. அந்த இலாகா தானே விசாரித்து, தன் சாட்சியத்தை வைத்து, அவனுக்கும் வாய்ப்பளித்து ஒரு முடிவுக்கு வரட்டும். அப்படி ஒன்றும் செய்யாமல், நியாயஸ்தலம் எனக்குத் தெரியவில்லை என்று எழுதிய அதே காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அவன் செய்ததாகவே தெரிகிறது என்று அதிலிருந்து வாசிப்பதற்குத்தான் எந்தச் சட்டத்திலும் எந்தச் சமயத்திலும் எனக்கு ஆதாரம் அகப்படவில்லை.